அப்பா பெயருக்கு முன்னால் ஒரு சொல்

கண்ணு,

நாம் எழுதிக்கொள்ளும் கடிதங்களில் முதல் வரியாக எப்போதும் வரும் ‘நலம், நலமறிய ஆவல்’ இதில் இல்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, டிரைவர் வண்டியை எடுக்கப்போகும் நேரமாகப் பார்த்து என்னிடம் ஒன்று கேட்டாய். “அப்பா விஷயத்த எனக்கு மொதல்ல யாரும்மா சொன்னது? நீங்களா?” நான், “ஞாபகமில்ல கண்ணு” என்றேன். பஸ் நகர்ந்துவிட்டது. நீ கையை ஆட்டினாய், நானும் ஆட்டினேன். அந்தப் பதில் பொய். எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது. நாகலூர் பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

நான்கு நாள் லீவில் நீ துண்டு துண்டாகச் சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து. தூத்துக்குடியில் ஒரு சாயங்காலம், ஆபீஸ் முடிந்து வருவதாகச் சொன்ன நேரத்துக்குச் செல்வி வரவில்லை. நாற்பது நிமிடம். உனக்கு மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின, பஸ் ஸ்டாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அவள் வந்து இறங்கியதும் நாலு பேர் பார்க்க அவளிடம் கத்தினாய். இப்படி ஆவது மூன்றாவது தடவை. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சோதித்துப் பார்த்த டாக்டர், மதுரையில் மன ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாவிடம் உன்னை அனுப்பினார். நேரில் ஒரு தடவை பார்த்தாய். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போனில் பேசினாய். “கண்ணாடிக் கதவச் சாத்துனாலும் வெளிய நிக்கறவங்களுக்கெல்லாம் கேக்குதும்மா. ஒரு வாரம் நான் எங்க விட்டேன்னு மறந்துட்டா, பூத்துக்காரரே எடுத்துக் குடுப்பாரு” என்று சொல்லிச் சிரித்தாய். அந்த அம்மா உன்னிடம் கேட்ட கேள்வியைத்தான் நீ என்னிடம் கேட்டாய். அப்பா இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியவந்தது? உன்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை நீ போன் செய்யவில்லை. இனிமேல் செய்யப்போவதில்லை என்றும், செல்வியோடு ஆவணியில் வைத்திருக்கும் கல்யாணத்தை வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றும் இரண்டு தீர்மானங்களோடு ஊருக்கு வந்தாய். “ஒருத்தி கொஞ்ச நேரம் வரலீன்னா இப்படி ஆவறவன், என்னத்தம்மா குடும்பம் நடத்துவான்?” என்றாய். நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். உன் தீர்மானங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், என் பங்கை நான் சொல்லியாக வேண்டும்.

உன் அப்பா நாகலூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். அவருக்கு முப்பத்தொன்று, எனக்கு இருபத்தைந்து, உனக்கு ஐந்து முடிந்திருந்தது. மே மாதம். காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிக்கிற பருவம். மரத்தில் ஆள் இருக்கும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது என்பார்கள். அன்று எல்லோரையும் விரட்டி விலக்கிவிட்டவர் உன் அப்பாதான். விலக்கிவிட்டு, அவர் நின்றார். கிளை அவர் மேல் விழுந்தது. நம் குவார்ட்டர்ஸ் வாசலுக்குத் தூக்கி வந்து ஜீப்பில் ஏற்றினார்கள். அவருக்கு நினைவு இருந்தது. நீ உள்ளேயிருந்து ஓடி வந்தாய். “போயிட்டு வர்றேன் சாமி” என்று உன்னிடம் சொன்னார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஜீப்பின் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே உன் சித்தப்பா உன்னைக் கொட்டச்சேட்டில் தன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கொள்ளி வைக்க நீ வேண்டும் என்று உறவினர்கள் கேட்டார்கள். நான் முடியாது என்றேன். ஊரே அதற்கு என்னைத் திட்டியது. ஆனால் உனக்காக உறுதியாக நின்றேன் என்று அப்போது எனக்கு ஒரு பெருமை. சித்தப்பாதான் வைத்தார். அவரும் என் பக்கம்தான். “சின்னப் பையனுங்க அண்ணி. இப்பச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? பொறவு மெதுவாச் சொல்லிக்கலாமுங்க” என்றார். பதினாறு நாள் கழித்து நீ வந்து கேட்டபோது, அப்பா சேலம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். ஒரு மாதம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, இன்று சொல்லிவிடுவது என்று, “அப்பா போயிட்டாங்க கண்ணு” என்றேன். சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பெரியவர்கள் யாரிடம் சொன்னாலும் அது போதும். நீ என் மடியிலிருந்து இறங்கி நின்று என்னைத் திருத்தினாய். “இல்ல. போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுச்சு.”

நான் கொஞ்சம் படித்தவள். ஏற்காட்டுக்குப் போய் லைப்ரரியில் புத்தகம் எடுத்து வருவதற்காகவே பஸ் ஏறுகிறவள். காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார் எல்லாம் எனக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற ஒரே ஒரு சொல் இருக்கிறது. அது என் வாயில் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து சாயங்கால பஸ்ஸுக்குப் போய் நிற்க ஆரம்பித்தாய். முதலில் நான் கவனிக்கவில்லை. எஸ்டேட் ஆபீசில் எனக்கு ஆள் வருகைப் பதிவு எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். நான் வீடு திரும்ப நேரமாகும். கண்டக்டர் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “ஏனுங்கம்மா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்கக் கூடாதுங்க. உங்க பையன் தெனமும் வந்து, கடைசி ஆளு எறங்கற வரைக்கும் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கறானுங்க. மூஞ்சி செவந்து போயிருதுங்க. ஏஞ்சாமி இப்படி நிக்கறேன்னா, மூச்சு விடாம இருந்தா அப்பா எறங்கும்ங்கறான். நானும் இன்னிக்கி வரலீ சாமி, நாளைக்கிப் பாக்கலாம்னே சொல்லிட்டிருக்கறனுங்க. இது எத்தன நாளைக்கிங்க?” என்றார். “கொஞ்ச நாளைக்கி” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய் விசிலடித்தார். அவரைப் பொய் சொல்ல வைத்தது நான். நாகலூரில் உன்னிடம் அன்பாக நடந்துகொண்ட ஒவ்வொருவரையும் பொய் சொல்ல வைத்தது நான்.

எனக்கும் அந்த நாட்களில் உடம்பு சரியில்லை. பகல் பதினொரு மணி வாக்கில், எங்காவது தோட்டத்தில் வெட்டுச் சத்தம் கேட்டால் கை நடுங்கும், எழுத்து கோணும், எழுந்து வெளியே போய் நின்றுகொள்வேன். ஒரு வாரப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சிறிய விளம்பரம் ஒன்று பார்த்தேன். மனக்கஷ்டம் உள்ளவர்கள் எழுதலாம், பதில் தபாலில் வரும், பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. மெட்ராஸில் சிலர் சேர்ந்து நடத்திய இடம். வசந்தா என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு எழுதினேன். விலாசம் எஸ்டேட்தான். மளிகைக் கடை வைத்துக்கொண்டு தபாலும் பார்க்கிறவர் ஊரில் ஒருவரே என்பதை யோசிக்கவில்லை. முதல் பதில் வந்த அன்று கடைக்குள் பத்துப் பேர் இருக்கும்போது, “ஏனுங்கம்மா, உங்க எஸ்டேட்டுல வசந்தான்னு யாருங்க?” என்று உரக்கக் கேட்டார். என் சிநேகிதி, இங்கே வந்து தங்கப்போகிறாள், என்னிடம் கொடுங்கள் என்றேன். நான்காவது கடிதத்தின்போது, “அந்தம்மா நொம்ப நிதானமான ஆளாட்ட இருக்குதுங்க. கடுதாசியெல்லாம் முன்னாடி வந்துருது, ஆளக் காணோம்” என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வருஷம் நான் சிரித்த ஒன்றிரண்டு தடவைகளில் அது ஒன்று.

பதில் எழுதியவர் ஆணா பெண்ணா என்று இன்றுவரை தெரியாது. பெண் என்று வைத்துக்கொண்டேன். கீழே ‘ஆலோசகர்’ என்று மட்டும் இருக்கும். நான் எதிர்பார்த்தது போல ஆறுதல் ஒன்றும் எழுதவில்லை. நடுக்கம் எந்த நேரத்தில் வருகிறது, அதற்குச் சற்று முன்னால் என்ன கேட்டது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்படிப் போகிறது என்று கேள்விகளாகவே எழுதுவார். பதில் எழுத வேண்டும் என்பதற்காக நான் நடுக்கத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கத் தொடங்கியதும் அது கொஞ்சம் தணிந்தது. எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. இந்த முறையில் பலன் உண்டு என்று நான் சொன்னால், அனுபவித்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள். முகம் தெரியாத ஒருவர், எங்கோ இருந்துகொண்டு, நான் எழுதியதைக் கவனமாகப் படித்தார். அது எனக்கு உதவியது.

மூன்றாவது கடிதத்தில், “உங்கள் மகனுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டிருந்தார். இருந்ததை அப்படியே எழுதினேன், பஸ்ஸையும் சேர்த்து. பதில் உடனே வந்தது. அன்புடன் சொல்லுங்கள், ஆனால் இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்லுங்கள், போய்விட்டார், தூங்குகிறார், சாமியிடம் இருக்கிறார் என்பதெல்லாம் வேண்டாம், இனி வரமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவன் அழும்போது பக்கத்தில் இருங்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஆபீஸ் மேஜை இழுப்பறையில் ஒரு மாதம் வைத்திருந்தேன். பிறகு, சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். நீ அழுததாக எழுதினேன். “இனிமே வரவே வராதா?” என்று நீ கேட்டதாகவும், என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டதாகவும் எழுதினேன். எதுவும் நடக்கவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

அவர் நம்பியிருப்பார், பாராட்டி எழுதுவார் என்று நினைத்தேன். பதிலில் இரண்டே வரி. “மகன் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. எந்தச் சொல்லைச் சொன்னீர்கள்?” நான் பதில் போடவில்லை. பிறகு இரண்டு கடிதம் வந்தன. அவற்றுக்கும் போடவில்லை. வசந்தா வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். மதுரைக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டேன் என்று நீ சொன்னபோது, நீ என் பிள்ளை என்பது எனக்கு உறைத்தது.

இனி எழுதப்போவதுதான் நீ கேட்டதற்குப் பதில். அடுத்த ஜூனில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சித்தப்பா கூட்டிப்போனார், எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வரும்போது நீ வழியிலேயே ஓடி வந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஒரு வருஷமாக நான் பார்த்திருக்கவில்லை. “அம்மா, டீச்சர் என் பேர எழுதுனாங்க. அப்பா பேரும் எழுதுனாங்க. அப்பா பேருக்கு முன்னாடி லேட்டுன்னு எழுதுனாங்க. சித்தப்பாதான் லேட்டுன்னு போடச் சொன்னாரு” என்றாய். எனக்கு முதலில் புரியவில்லை. நீயே புரியவைத்தாய். “பஸ் லேட்டா வரும்ல, அந்த மாதிரி. அப்பா லேட்டுதானம்மா? லேட்டா வரும்ல?”

கண்ணு, அந்த இடத்தில் எனக்கு வாய்ப்பு இருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. நீ நேராகக் கேட்டாய், ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில். நான், “ஆமாங் கண்ணு” என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நீ ஒரு மாதிரிக் குதித்துக் குதித்து வந்தாய். அன்று கொஞ்சம் தாமதமாக வந்த சாயங்கால பஸ்ஸுக்கும் போய் நின்றாய்.

ஆக, உனக்கு யார் சொன்னது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில், நான் சொல்லவில்லை என்பதுதான். நான் உனக்குச் சொன்னது, லேட்டாக வருவார் என்று. அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள் நீ பஸ்ஸுக்குப் போவதை நிறுத்திவிட்டாய். கண்டக்டர்தான் கேட்டார், “பையனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்று. நான் உன்னிடம் ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம். அதற்குப் பிறகு அப்பா எப்போது வரும் என்று நீயும் கேட்கவில்லை. வருஷா வருஷம் திதி வந்தது, படத்துக்கு மாலை போட்டோம், நீ தட்டை ஏந்திக்கொண்டு நின்றாய். பள்ளிக்கூட விண்ணப்பங்களில் நீயே அந்தச் சொல்லை எழுத ஆரம்பித்தாய். நம் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இருவருக்கும் தெரியும், இருவரும் பேசவில்லை, அதைப் பக்குவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்திமூன்று வயதில், பஸ் ஜன்னலிலிருந்து, நீ ‘அப்பா விஷயம்’ என்றுதான் சொன்னாய்.

அன்று நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் இன்று உனக்கு மூச்சு முட்டுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அந்தப் படிப்பு இல்லை. கதை படிக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு, அதை நான் நம்புவதில்லை. முடிச்சா இல்லையா என்பதை மதுரையில் இருக்கிற அந்த அம்மா உன்னோடு சேர்ந்து பார்க்கட்டும். ஆனால் அவர் பார்ப்பதற்கு உண்மையான சரக்கு வேண்டும். இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பு, அல்லது பூத்தில் நின்று படித்துக் காட்டு. பூத்துக்காரர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். மதுரை அம்மாவிடம் என்றைக்காவது நீயும் பொய் சொல்லியிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதைச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசு. நான் அதைச் செய்யவில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ‘முன் கடிதத்தில் எழுதியது நடக்கவில்லை.’ எனக்கு எழுதிய அந்த ஆலோசகர் என்னைக் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். அது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் எழுதவில்லை.

கல்யாணம் உன் முடிவு, செல்வியின் முடிவு. எனக்காக நடத்தவும் வேண்டாம், எனக்காக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் நிறுத்தாதே. பிள்ளைக்குத் தாங்காது என்று நான் முடிவுகட்டியது போல, அவளுக்குத் தாங்காது என்று நீ முடிவுகட்டுகிறாய். அவளுக்கு என்ன தாங்கும் என்பதை அவள் சொல்லட்டும். இன்னொன்று கேட்கிறேன். அந்த நாற்பது நிமிடம் அவளுக்கு எங்கே, ஏன் ஆனது என்று நீ சொல்லவே இல்லை. கேட்டாயா?

இப்போது, நான் அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். உன் அப்பா இறந்துவிட்டார். சேலம் போகும் வழியில், மலையிறக்கத்தில், கடைசி வளைவுகளுக்குச் சற்று மேலே, ஜீப்பில், என் மடியில் தலை வைத்தபடி இறந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். வலி அதிகமாக இருந்தது, சத்தம் போட்டார், பிறகு போடவில்லை. உன் பெயரை இரண்டு தடவை சொன்னார். டிரைவர் நிறுத்தட்டுங்களா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே போனோம். அவர் சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. மறுநாள் எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கிற இடத்தில் அவரை எரித்தோம். அவர் வரமாட்டார். இது நடந்தபோது நீ செய்த தவறு எதுவுமில்லை, செய்யாமல் விட்டதும் எதுவுமில்லை. நீ எவ்வளவு நேரம் எப்படி நின்றிருந்தாலும் அவர் இறங்கியிருக்க மாட்டார். இதை நான் பதினெட்டு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்டேட் ஆபீஸ் போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். இதற்குக் கோபப்பட்டால் கோபமாகவே பேசு. பேச வரவில்லை என்றால் எழுது. நான் உன்னிடம் கேட்காமல் விட்ட ஒன்றை இப்போது கேட்கிறேன், அதற்கு மட்டும் எப்படியாவது பதில் வேண்டும். பஸ்ஸுக்குப் போவதை நிறுத்தினாயே, அந்த நாள். உனக்கு ஞாபகமில்லை என்கிறாய், இருக்கலாம். வந்தால் எழுது. யார் சொன்னார்கள்? யாராவது வாய் தவறிச் சொன்னார்களா, பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்களா, அல்லது நீயாகவே தெரிந்துகொண்டாயா? தெரிந்துகொண்டபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய், கண்ணு? உன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

அம்மா